ஒரு கிராம் விதையில் பத்தாயிரம் செடி

புகையிலை விதையை உள்ளங்கையில் கொட்டினால், தூசி என்று ஊதிவிடத் தோன்றும். ஒரு கிராம் எடைக்கு 10,000-க்கும் மேற்பட்ட விதைகள் நிற்கும். நெல்லும் அவரையும் முளைக்கும்போது தமக்குள் இருக்கும் மாவைத் தின்றே முதல் சில நாட்களைக் கடத்திவிடும். தாய்ச்செடி கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு அது. புகையிலை விதையிலோ அந்தச் சோறு ஒரு வாய்க்குக்கூடக் காணாது. முளை வெளியே வந்த உடனே வெளிச்சத்தைப் பிடித்துத் தன் உணவைத் தானே தயாரித்தாக வேண்டும். மண்ணை அள்ளி மூடினால் முளை வெளியே வராமலே செத்துப்போகும். வெயில் கடுமையானால் கருகும். ஒரு பெருமழை பெய்தால் அடித்துக்கொண்டு போய்விடும்.

அதனால் இந்த விதையை வயலில் வீசிவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. கூடவே ஆள் இருக்க வேண்டும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 400 ஆண்டு வரலாற்றைப் புரிந்துகொள்ள இது நமக்கு உதவப்போகிறது.

திண்டுக்கல் சமவெளிக்குப் போவோம். ஒரு பக்கம் சிறுமலை, இன்னொரு பக்கம் பழனி, கொடைக்கானல் மலைகள். நடுவில் செம்மண் பூமி. குடகனாற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணல்தான் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிய ஊர்கள் இவை. மற்ற மாதங்களுக்குக் கிணறுதான் கதி. இந்தக் கிணற்றுத் தோட்டங்களில்தான் திண்டுக்கல், வேடசந்தூர்ப் பக்கத்துப் புகையிலை விளைகிறது.

ஆவணி, புரட்டாசியில் நாற்றங்கால் விடுவார்கள். விதையை மட்டும் தூவினால் ஒரே இடத்தில் விழுந்துவிடும் என்பதால் மணலோடு கலந்து தூவுவார்கள். பூவாளியால் தண்ணீர் தெளிப்பார்கள். நாற்பது நாள் கடந்த பிறகு பிடுங்கி, ஒவ்வொரு நாற்றாகத் தோட்டத்தில் நடுவார்கள். பிறகு களை எடுக்க வேண்டும், தண்ணீர் பாய்ச்ச வேண்டும், இலையைத் தின்னும் புழுவைப் பொறுக்க வேண்டும். பூ மொட்டு எட்டிப் பார்த்ததும் நுனிக் கொழுந்தைக் கிள்ளிவிட வேண்டும். கிள்ளியதும் ஒவ்வொரு கணுவிலிருந்தும் பக்கக் கொழுந்துகள் கிளம்பும். அவற்றையும் திரும்பத் திரும்ப வந்து ஒடிக்க வேண்டும். மாசி, பங்குனியில் அறுவடை. அதற்குப் பிறகும் வேலை முடிவதில்லை. வெயிலில் வாட்டி, கட்டித் தொங்கவிட்டு, போர் போட்டு, உள்ளே சூடு ஏறியதும் பிரித்துப் புரட்டி மீண்டும் அடுக்கி, பாடம் போட வேண்டும். போருக்குள் நடப்பது நொதித்தல். இலையில் மிஞ்சிய மாவுச்சத்தும் புரதமும் சிதைகின்றன. பச்சை வாடை போகிறது. நிறமும் மணமும் வருகின்றன.

கொழுந்தைக் கிள்ளுவது எதற்காக? இந்தச் செடியின் அதிசயமே அதில்தான் இருக்கிறது. அதைப் பார்க்கும் முன் இதன் குடும்பத்தைத் தெரிந்துகொள்வோம்.

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அங்கே மூட்டை மூட்டையாகக் கிடக்கும் கத்தரிக்காய், தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு எல்லாம் ஒரே குடும்பத்துச் செடிகள். புகையிலையும் அதே கத்தரிக் குடும்பம்தான். இவற்றில் கத்தரி மட்டுமே ஆசியாவைச் சேர்ந்தது. மற்ற எல்லாம் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து கடல் கடந்து வந்தவை. ஒரே குடும்பம் என்பதால் புகையிலையின் வேர்ப்பகுதியில் தக்காளித் தண்டை ஒட்டுக்கட்டினால் பிழைத்துக்கொள்ளும். 1940களில் ரே டாசன் என்ற அமெரிக்க விஞ்ஞானி இப்படி ஒட்டுக்கட்டிப் பார்த்தார். புகையிலை வேர்மீது வளர்ந்த தக்காளியின் இலைகளில், புகையிலைக்குக் காரம் தரும் நிகோடின் இருந்தது! தக்காளி வேர்மீது வளர்ந்த புகையிலை இலையிலோ நிகோடின் ஏறக்குறைய இல்லவே இல்லை. ஆக, இலையில் இருக்கும் நிகோடின் இலையில் உண்டாவதில்லை. வேரில் உண்டாகி, தண்ணீரோடு தண்டு வழியாக மேலே ஏறுகிறது.

செடிக்கு எதற்கு நிகோடின்? தன்னைத் தின்ன வரும் பூச்சிகளின் நரம்புகளைத் தாக்குவதற்கு. நிகோடின் ஒரு நஞ்சு. ஒரு காலத்தில் அதையே பூச்சிமருந்தாகத் தயாரித்து விற்றார்கள். புழு இலையைக் கடித்ததும் அந்தச் செய்தி வேருக்குப் போகிறது. வேர் நிகோடினைக் கூடுதலாகத் தயாரித்து அனுப்புகிறது. நுனிக் கொழுந்தைக் கிள்ளும்போதும் இதுதான் நடக்கிறது. தன் தலையை ஏதோ ஒன்று கடித்துவிட்டதாகச் செடி எடுத்துக்கொள்கிறது. கொழுந்திலிருந்து கீழே போய்க்கொண்டிருந்த ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருளும் நின்றுபோகிறது. வேர் புதிதாகக் கிளைத்து, இன்னும் அதிகமாக நிகோடினை ஏற்றுகிறது. பூவுக்கும் விதைக்கும் போயிருக்க வேண்டிய சத்தும் இலைக்கே கிடைத்து இலை தடிக்கிறது. ஆக்சின் என்ற பெயரையே கேள்விப்படாத விவசாயிகள், கொழுந்தைக் கிள்ளினால் இலைக்குக் காரம் ஏறும் என்பதைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். அவர்களையும் விஞ்ஞானிகள் என்றே நான் சொல்வேன்.

பூச்சியின் நரம்பைத் தாக்கும் அதே நிகோடின், புகையை உள்ளிழுத்த மனிதனின் மூளைக்குச் சில நொடிகளில் போய்ச் சேர்கிறது. அங்கே அது ஒரு பழக்கத்தைப் பிடித்துவைக்கிறது. இன்று புகைத்தவர் நாளையும் கேட்பார். வாங்குபவர் விடாமல் வாங்கும் பொருளுக்குச் சந்தை இருந்துகொண்டே இருக்கும். காய்ந்த புகையிலைக்குக் கனம் குறைவு. ஒழுங்காகப் பாடம் போட்டால் மாதக்கணக்கில் கெடாது. தக்காளி இரண்டு நாள் வண்டியில் கிடந்தாலே நசுங்கிப்போகும். புகையிலையோ கப்பலில் கடல் தாண்டிப் போய் நல்ல காசுக்கு விற்கும். கூடவே ஆள் வேண்டும், தொலைதூரம் போகும், வாங்கியவர் மீண்டும் வாங்குவார். செடியின் இந்த மூன்று குணங்களும் சேர்ந்து ஒரு நாட்டையே மாற்றின.

அந்த நாடு, வட அமெரிக்காவில் இருந்த வர்ஜீனியா. 1607இல் ஆங்கிலேயர் அங்கே ஜேம்ஸ்டவுன் என்ற குடியிருப்பை அமைத்தார்கள். பசியிலும் நோயிலும் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். அங்கே விற்பதற்கு எந்தப் பொருளும் அகப்படவில்லை. 1612 வாக்கில் ஜான் ரால்ஃப் என்பவர் கரீபியன் பக்கத்துப் புகையிலை விதையைக் கொண்டுவந்து பயிரிட்டார். 1614இல் அவருடைய இலை லண்டன் போய் விலை பெற்றது. அதற்குப் பிறகு எல்லாரும் புகையிலைதான். 1640 வாக்கில் ஆண்டுக்கு 10 லட்சம் பவுண்டுக்கும் மேலான புகையிலை அங்கிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. பவுண்டு என்றால் ஏறக்குறைய அரைக் கிலோ.

கையில் நாணயம் இல்லாத அந்த ஊரில் புகையிலையே பணம் ஆனது. வரியும் கடனும் புகையிலையில் கட்டப்பட்டன. இங்கிலாந்திலிருந்து மணப்பெண்கள் கப்பலில் வந்தபோது, பயணச் செலவுக்காக மாப்பிள்ளை கொடுக்க வேண்டியதும் 120 பவுண்டு நல்ல புகையிலைதான்.

அங்கே நிலத்துக்குப் பஞ்சமில்லை. ஆளுக்குத்தான் பஞ்சம். ஒரு வேலையாளை அழைத்துவந்தால் 50 ஏக்கர் நிலம் என்று குடியிருப்பை நடத்திய ஆங்கிலக் கம்பெனி அறிவித்தது. ஏழை ஆங்கிலேயர்கள் கப்பல் கட்டணத்துக்கு ஈடாகப் பல ஆண்டுகள் கூலியில்லாமல் உழைப்பதாக ஒப்பந்தம் எழுதிக்கொடுத்து வந்தார்கள். 1619 ஆகஸ்டில் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட இருபதுக்குச் சற்று மேற்பட்டவர்கள் அங்கே விற்கப்பட்டார்கள். 1662இல் ஒரு சட்டம் வந்தது: தாய் அடிமையென்றால் பிறக்கும் பிள்ளையும் அடிமை. உங்கள் வயதுப் பிள்ளைகள், பிறந்த அன்றே இன்னொருவரின் சொத்து! புகையிலை மண்ணின் சத்தை வேகமாக உறிஞ்சும் பயிர். மூன்று, நான்கு ஆண்டில் நிலம் ஓய்ந்துபோகும். தோட்டக்காரர்கள் அதை விட்டுவிட்டுக் காட்டை வெட்டி அடுத்த நிலத்துக்குப் போனார்கள். அந்தக் காடோ பவ்ஹாட்டன் பழங்குடியினரின் பூமி.

செடி கைகளைக் கேட்டது, உண்மைதான். யாருடைய கைகள், அவற்றுக்கு என்ன கூலி என்பதை மனிதர்கள்தான் முடிவு செய்தார்கள். பாவத்தைச் செடியின் தலையில் கட்டக் கூடாது.

நம் நாட்டுக்குப் புகையிலையைக் கொண்டுவந்தவர்கள் போர்ச்சுகீசியர்கள். 1600களின் தொடக்கத்தில் அசத் பேக் என்ற அதிகாரி பீஜப்பூரிலிருந்து புகையிலையையும் அழகிய புகைக்குழாயையும் எடுத்துப்போய் அக்பருக்குக் காட்டினார். அரண்மனை வைத்தியர் வேண்டாமென்று தடுத்தார். 1617இல் ஜஹாங்கீர் புகையிலைக்குத் தடை போட்டார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1604இல், இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸும் புகையிலையைக் கண்டித்து ஒரு நூலே எழுதியிருந்தார். இரண்டு அரசர்கள் சொல்லியும் பழக்கம் நிற்கவில்லை. தமிழ்நாட்டில் அது எவ்வளவு தூரம் ஊறிப்போனது தெரியுமா? திண்டுக்கல்லுக்கு அடுத்த பழனியில் இருக்கும் முருகனுக்குப் புகையிலையையே தூது அனுப்புவதாகச் சீனிச்சர்க்கரைப் புலவர் ஒரு முழு நூல் பாடினார். பெயர் ‘புகையிலைவிடு தூது’. அதைத் தேடிப் பதிப்பித்தவர் உ.வே.சாமிநாதையர்.

பிறகு திண்டுக்கல்லின் ஆட்சியும் கைமாறியது. 1755இல் திண்டுக்கல் கோட்டைக்கு வந்த மைசூர்ப் படைத்தலைவர் ஹைதர் அலி இங்கிருந்துதான் பெரிய ஆளாக வளர்ந்தார். அவர் மகன் திப்பு சுல்தான் 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திண்டுக்கல்லை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியிடம் ஒப்படைக்க நேர்ந்தது. தமிழ்நாட்டில் கும்பினி நேரடியாக வரி வசூலிக்கத் தொடங்கிய ஆரம்பகாலப் பகுதிகளில் ஒன்று நம் திண்டுக்கல் சீமை. வந்ததும் நிலத்தை அளந்தார்கள், கிஸ்தி என்ற நிலவரி போட்டார்கள். பாளையக்காரர்கள் எதிர்த்தார்கள். அவர்களில் ஒருவரான விருப்பாச்சி கோபால நாயக்கர் 1801இல் தூக்கிலிடப்பட்டார்.

கிஸ்தியைக் காசாகக் கட்ட வேண்டும். சோளமும் கம்பும் வயிற்றை நிரப்பும், ஆனால் விற்றால் பெரிய காசு வராது. கிணறு இருந்தவர் தோட்டத்தின் ஒரு மூலையில் புகையிலை வைத்தால் காசு பார்க்கலாம். இரண்டு மாடுகளைப் பூட்டிக் கமலை இறைப்பார்கள். இந்தப் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் கொஞ்சம் உவர்ப்பு. நெல்லுக்கு ஆகாத அந்தத் தண்ணீரை மெல்லும் புகையிலை தாங்கிக்கொள்ளும். சுருட்டுக்கான இலைக்குத்தான் அது ஆகாது. உவர்ப்பில் உள்ள குளோரைடு இலையில் ஏறினால் நெருப்பு நின்று எரியாது. கிணற்றுக்குக் கிணறு தண்ணீரின் ருசி பார்த்தே எந்தத் தோட்டத்து இலை எதற்கு ஆகும் என்று பிரித்தார்கள்.

மண்ணைக் களைத்துப்போகச் செய்யும் அதே பயிர்தான் இங்கேயும். ஆனால் ஓய்ந்த நிலத்தை விட்டுவிட்டுப் போக இங்கே இன்னொரு நிலம் கிடையாது, கிணற்றையும் தூக்கிக்கொண்டு போக முடியாது. அதனால் எருவை வண்டி வண்டியாகக் கொட்டினார்கள். தோட்டத்தில் ஆட்டுக்கிடை போட்டார்கள். ராத்திரி முழுதும் ஆடுகள் அடைந்து கிடக்க, புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்குள் இறங்கும். புகையிலைக்குப் பொட்டாசியம் நிறைய வேண்டும், அதை இந்த எரு தரும். இலை நன்றாக எரிவதற்கும் பொட்டாசியமே காரணம். வர்ஜீனியாவில் நிலம் அதிகம், கைகள் குறைவு. இங்கே கைகள் அதிகம், தண்ணீர் உள்ள நிலம் குறைவு. அங்கே ஆயிரக்கணக்கான ஏக்கரில் பெருந்தோட்டம் எழுந்தது. இங்கே ஒரு கிணறு, ஒரு சிறு தோட்டம், ஒரு குடும்பம், நெருக்கடி நாளில் கூலியாட்கள் என்று நின்றது.

அதற்காக இங்கே எல்லாரும் சமமாகப் பிழைத்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கிணறு உள்ளவருக்குப் பணப்பயிர். கிணறு இல்லாதவருக்கு அவர் தோட்டத்தில் கூலி. போர் போட்டு விலை ஏறும்வரை காத்திருக்க முடிந்தவருக்கு லாபம். கிஸ்தி நாளுக்குள் காசு வேண்டியவர் கிடைத்த விலைக்கு விற்றாக வேண்டும்.

மேற்கே கோயம்புத்தூர்ச் சீமையில் கும்பினி இன்னொன்றும் செய்தது. 1800இல் கும்பினிக்காக அந்தப் பக்கம் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், கிணற்றுத் தோட்டங்களில் புகையிலை விளைவதைக் கண்டு எழுதிவைத்தார். மலை தாண்டி மலபாரில் மழை அதிகம் என்பதால் புகையிலை சரியாக விளைந்து பாடமாகாது. ஆனால் வெற்றிலையோடு போட அங்கே எல்லாருக்கும் புகையிலை வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கும்பினி இந்த வணிகம் முழுவதையும் தன் கைக்குள் எடுத்துக்கொண்டது. விளைவித்தவர் கும்பினிக்கே கொடுக்க வேண்டும், மலபாரில் கும்பினி பன்மடங்கு விலைக்கு விற்கும். விளைவு என்ன ஆகும்? பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கள்ளத்தனமாகப் புகையிலை போகத் தொடங்கியது. அந்த நூற்றாண்டின் நடுவில் கும்பினி இந்த முறையைக் கைவிட்டது. திருவிதாங்கூர் அரசும் இதேபோல் தனி உரிமை வைத்திருந்து 1863இல்தான் விட்டது. அங்கே போன புகையிலையில் பெரும்பங்கு யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில், நம்மைப் போலவே கிணறு இறைத்து விளைந்தது.

பிறகு சுருட்டுக் காலம். திருச்சி உறையூரில் சுருட்டு சுருட்டினார்கள், அதற்கான இலை திண்டுக்கல் பக்கத்திலிருந்து போனது. உலகத்துக்கு அது ‘டிரிச்சினாபொலி சுருட்டு’. 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், தரையில் கிடந்த சாம்பலின் கருநிறத்தையும் செதில் போன்ற தன்மையையும் பார்த்தே கொலைகாரன் டிரிச்சினாபொலி சுருட்டுப் புகைத்தவன் என்று ஹோம்ஸ் சொல்லிவிடுகிறார். கதைதான் என்றாலும் அறிவியல் பொய்யில்லை. மண்ணிலிருந்து இலை எடுத்துக்கொண்ட மக்னீசியம், கால்சியம், பொட்டாசியத்தின் அளவைப் பொறுத்தே சாம்பலின் நிறமும் கட்டும் மாறும். 1875இல் திருச்சியையும் மதுரையையும் இணைத்த ரயில் பாதை திண்டுக்கல் வழியாக வந்தது. ஐரோப்பியக் கம்பெனிகள் திண்டுக்கல்லிலேயே சுருட்டுத் தொழிற்சாலை வைத்தன. அவற்றில் பெரிய பெயர் சென்னை ஸ்பென்சர் கம்பெனி. தோட்டத்து ஊர் தொழிற்சாலை ஊராகவும் ஆனது.

விடுதலைக்கு அடுத்த ஆண்டு, 1948இல், வேடசந்தூரில் புகையிலை ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. அங்கே இந்தப் பயிரை வாட்டும் எதிரிகளையும் ஆராய்ந்தார்கள். அவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். புகையிலைச் செடியின் காலடியில் பச்சையே இல்லாத வெளிறிய தண்டு ஒன்று முளைக்கும். புகையிலைக்காளான் என்பார்கள். உண்மையில் அது காளான் இல்லை, பூக்கும் செடி. ஆனால் பச்சையம் கிடையாது. மண்ணில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும் அதன் விதை, புகையிலை வேர் கசியவிடும் ரசாயனத்தை உணர்ந்த பிறகுதான் விழிக்கிறது. வேரில் ஒட்டிக்கொண்டு சாப்பாட்டை உறிஞ்சுகிறது. அந்த விதை புகையிலை விதையைவிடவும் சிறியது!

இன்றைய நிலவரத்தையும் சொல்லியாக வேண்டும். உலகில் புகையிலையால் ஆண்டுதோறும் 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டில் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குப் புகையிலைப் பொருட்களை விற்பது சட்டப்படி குற்றம். இந்தப் பயிரை நம்பிய குடும்பங்கள் வேறு பயிருக்கு மாறுவதற்கு நல்ல விலையும் தண்ணீரும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அவர்களைக் குற்றவாளிகளாகப் பார்ப்பது நியாயமில்லை.

திண்டுக்கல், வேடசந்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். பனியில் நனைந்த புகையிலை இலையைத் தொட்டால், தண்ணீரில் கரைந்த நிகோடின் தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். தலை சுற்றும், குமட்டும், வாந்தி வரும். உங்கள் உடம்பு சிறியது, அதனால் பாதிப்பு பெரிது. ஈர இலையை நீங்கள் தொடாதீர்கள். அறுவடைக்குப் போகும் அம்மா, அப்பாவிடம் முழுக்கைச் சட்டையும் கையுறையும் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பனி காய்ந்த பிறகே இலையில் கை வைக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளித்த பிறகுதான் சாப்பிட உட்கார வேண்டும்.